அம்மம்மாவின் சம்பளத் துண்டுகள்

கேள்வி:

அம்மம்மா ஒன்பது நாட்களுக்கு முன் ஸ்காபறோவில் காலமானார். வயது 94. யாழ்ப்பாணத்தில் 36 வருடம் ரீச்சராக இருந்தவர். 1995இல் போரால் வந்த இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போன இடத்தில் அம்மப்பா இறந்துவிட, அடுத்த வருடம் பெரியமாமா ஸ்பொன்சர் செய்து அம்மம்மாவை இங்கே கூப்பிட்டார். வந்து ஒரு வருடத்தில் ஒரு பேக்கரித் தொழிற்சாலைக்குப் பாண் பொதி செய்யும் வேலைக்குப் போனார். மூன்று வருடம் போனார். அதன் பிறகு எண்பது வயது தாண்டும்வரை சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தார். நானும் அவரிடம்தான் அ, ஆ எழுதினேன்.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடிக்க வேண்டும். வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பு எனக்கு. பெரியமாமா மாதிரிக்கு ஒரு பழைய கல்வெட்டை அனுப்பினார். அதன்படி எழுதினால் கனடாவில் இருந்த 29 வருடமும் 'பிள்ளைகளுடனும் பேரப்பிள்ளைகளுடனும் இனிதே வாழ்ந்தார்' என்று ஒரு வரியில் முடிகிறது. பேக்கரி வேலையை எழுதவே கூடாது என்கிறார். 'ஒரு ரீச்சருக்கு அது மரியாதையா?' என்று கேட்கிறார். அம்மா ஒன்றும் பேசுகிறார் இல்லை. செத்தவீட்டுக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் அம்மம்மாவிடம் பிரம்படி வாங்கியதைச் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. எதை எழுதுவது, எதை விடுவது?

அம்மம்மாவின் பிஸ்கட் ரின் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. உள்ளே பழைய கடதாசிகள், படங்கள். பேக்கரிச் சம்பளத் துண்டுகளும் கிடக்கின்றன. பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருக்கிறார். படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இவற்றை என்ன செய்வது?

ஒரு பேத்தி, ஸ்காபறோ

பதில்:

அன்புள்ள பேத்திக்கு,

ஒன்பது நாள் போய்விட்டது, 22 நாள் இருக்கிறது. அச்சகத்துக்கு ஒரு கிழமை கொடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எழுத உங்களுக்கு இரண்டு கிழமைதான். இதற்குள் 94 வருடத்தை எழுதி முடிக்க யாராலும் முடியாது, நீங்கள் அதற்கு முயலவும் வேண்டாம். கல்வெட்டு ஒரு வேலை, அம்மம்மாவின் வரலாறு இன்னொரு வேலை. முதலாவதற்கு முப்பத்தோராம் நாள் கெடு. மற்றதற்கு ஆண்டுத் திவசம் வரை, ஏன் அதற்குப் பிறகும்கூட நேரம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பல வீடுகளில் இந்த நாட்களில் மனஸ்தாபம் வருகிறது.

நான் முதலில் ஒரு அச்சகத்தில் கல்வெட்டுகளுக்குப் புரூஃப் பார்த்தவள். இருபது வருடமாக இங்கே வயதானவர்களின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து ஆவணப்படுத்துவது என் தொழில். ஆகவே பெரியமாமா அனுப்பிய மாதிரி எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். முன் அட்டையில் படம், தோற்றம், மறைவு. உள்ளே திதி வெண்பா. பிறகு பஞ்சபுராணம், சிவபுராணம். பிறகு இன்னாரின் ஏக புத்திரியாய், இன்னாரின் சகோதரியாய் என்று தொடங்கும் வரலாறு. பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். வம்சவழி. கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல்.

அந்த மாதிரியைக் குறைவாக நினைக்க வேண்டாம், பிள்ளை. திதி வெண்பாவின் நாலு வரிக்குள் ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் அடங்கியிருக்கும். பஞ்சாங்கம் தெரிந்த எவரும் அதை வைத்து எந்த நாட்டிலிருந்தும் திவச நாளைக் கண்டுபிடித்துவிடுவார். வம்சவழி அதைவிடப் பெரிய காரியம் செய்திருக்கிறது. வீடும் ஆல்பமும் எரிந்துபோன குடும்பங்களுக்குப் பூட்டன், பூட்டி பெயர்களைத் திருப்பிக் கொடுத்தது, யாரோ உறவினர் வீட்டு அலமாரியில் தப்பிக் கிடந்த ஒரு கல்வெட்டுத்தான். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்துக்குள் போய்ப் பாருங்கள். நினைவு மலர்களை அவர்கள் ஸ்கான் செய்து வைத்திருக்கிறார்கள். ஊர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்று அவற்றைத்தான் புரட்டுகிறார்கள்.

ஆனால் அந்த வடிவம், பிறந்த ஊரிலேயே இருந்து கண்மூடியவர்களுக்காக உருவானது. பிறந்தார், படித்தார், கரம்பற்றினார், பிள்ளைகளைக் கரைசேர்த்தார், கோயிலுக்குக் கைங்கரியம் செய்தார். 65 வயதில் குளிர்ச் சட்டைக்குச் சிப் இழுக்கப் பழகிய ஒருவருக்கு அதில் இடம் கிடையாது. இனிதே வாழ்ந்தார் என்ற அந்த ஒற்றை வரி வருவது அதனால்தான். பெரியமாமா அதை ஒளித்து எழுதச் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவருக்குக் கிடைத்த அச்சில் அதற்குப் பெட்டி இல்லை.

சரி, பேக்கரி விஷயம். எழுதத்தான் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். இதை நீங்களும் விளங்கிக்கொண்டால்தான் பெரியமாமாவோடு கதைக்கலாம்.

1996இல் தாய் தகப்பனை ஸ்பொன்சர் செய்த பிள்ளை, பத்து வருடத்துக்கு அவர்களைத் தானே பராமரிப்பேன் என்று கையொப்பம் வைக்க வேண்டும். கனடாவின் முதியோர் ஓய்வூதியத்துக்கு 65 வயது ஆனால் மட்டும் போதாது. 18 வயதுக்குப் பிறகு குறைந்தது பத்து வருடமாவது இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். முழுத் தொகை வேண்டுமென்றால் 40 வருடம். 65 வயதில் வந்து இறங்கிய உங்கள் அம்மம்மாவுக்கு அது 2006 வரை ஒரு சதமும் இல்லை. ஊர் ஓய்வூதியம் ரூபாயில் வரும். அதை டொலருக்கு மாற்றினால் மாதம் எவ்வளவு தேறியது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். 36 வருடம் மாதம் முடியச் சொந்தக் கையால் சம்பளம் எண்ணி வாங்கியவர், இங்கே வந்து கோயில் உண்டியலில் போடுகிற காசுக்கும் மகனைப் பார்க்க வேண்டும். என்னிடம் கதை சொன்ன ரீச்சர்மார் பலர் இந்த இடத்தில்தான் குரல் கம்முவார்கள். வேலை பாரம் என்று அவர்கள் யாரும் சொன்னதில்லை. கை நீட்டுவதுதான் பாரம் என்பார்கள்.

இனிப் பெரியமாமா. தாயின் மரியாதை என்று அவர் சொல்கிறார். எனக்கு வேறொன்று தெரிகிறது. அந்தப் பத்து வருடத்துக்குக் கையொப்பம் வைத்தவர் அவர். அப்போது அவரும் இரண்டு வேலை ஓடியிருப்பார், வீட்டு மோர்கேஜ் இருந்திருக்கும், சின்னப் பிள்ளைகள் இருந்திருக்கும். தாய் விடியக் காலை எழும்பிக் குளிரில் பஸ் ஏறப் போவதை யன்னலால் பார்த்திருப்பார். கல்வெட்டில் பேக்கரி என்ற சொல்லைக் கண்டால் சனம் அம்மம்மாவைக் குறைவாகக் கதைக்காது, தன்னைக் கதைக்கும் என்று அவருக்குத் தெரியும். தாயை வேலைக்கு அனுப்பின மகன் என்று ஒரு சொல் வந்துவிடும். அது பொய்யான பயம் இல்லை, எங்கள் சனத்தை நானும் அறிவேன்.

ஆகவே அவரிடம் அனுமதி கேட்டுப் போகாதீர்கள். அவருடைய கதையைக் கேட்கப் போங்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, பக்கத்தில் இருந்து, 'மாமா, 97இல் நீங்கள் எங்கே வேலை செய்தீர்கள்?' என்று தொடங்குங்கள். பிறகு, 'வேலைக்குப் போகப் போகிறேன் என்று அம்மம்மா சொன்ன அன்றைக்கு என்ன நடந்தது?' அவ்வளவுதான். அவர் சம்மதித்தால் தொலைபேசியில் பதிவை அழுத்தி மேசையில் வையுங்கள், சம்மதிக்காவிட்டால் வேண்டாம். இடையில் அவர் மௌனமாக இருந்தால் நீங்கள் நிரப்பப் பார்க்காதீர்கள். ஒரு நிமிடம் போகட்டும், இரண்டு நிமிடம் போகட்டும். அடுத்து வருகிற வசனம்தான் உங்களுக்கு வேண்டியது. அப்படி வந்ததைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கல்வெட்டில் பேக்கரிக்கு இரண்டு வரி போதும். 'கனடாவின் முதியோர் ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில், 66 வயதில், பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் உழைத்தார்.' சட்டத்தையும் சேர்த்து எழுதும்போது மகன்மேல் பழி விழாது. வறுமையிலும் வாடாத என்ற மாதிரி அலங்காரம் ஒன்றும் வேண்டாம். உழைத்தார் என்ற சொல்லே போதுமானது.

இப்போது அந்த ரின். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள் அனுப்பிய அந்தப் படத்தைத்தான். துண்டின் முன்பக்கத்தில் திகதி, மணித்தியாலம், தொகை, பிடித்தம். பின்பக்கத்தில் நீலப் பேனையால், கரும்பலகையில் எழுதிப் பழகியவர்களின் அந்த உருண்டை எழுத்தில்: 'ப – பனை. பிள்ளைகள் கண்டதில்லை. படம் கீறிக்கொண்டு போக வேண்டும்.' கீழே ஒரு பனை. அடியில் சின்னதாக மூன்று வட்டம், நுங்காக இருக்க வேண்டும். அடுத்த துண்டில் பனையை ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு, 'பனி. இதை முதலில் சொல்லலாம். யன்னலால் காட்டலாம்' என்று எழுதியிருக்கிறார்.

பிள்ளை, இது ஒரு ரீச்சரின் பாடக்குறிப்பு. ஊரில் எத்தனையோ வருடம் ப என்றால் பனை என்று சொல்லிக்கொடுத்தவர். அங்கே படமே தேவையில்லை, வகுப்பறைக்கு வெளியே பனை நிற்கும். இங்கே வந்து முதல் தடவையாக அந்தப் பாடத்தைத் திருப்பி யோசித்திருக்கிறார். பனையை விடவும் மனமில்லை, படம் கீறிப் பார்க்கிறார். பிறகு தன் பிள்ளைகள் எதைக் கண்டு வளர்கிறார்கள் என்று யோசித்து, பனியை முன்னுக்கு எடுக்கிறார். 36 வருட அனுபவம் உள்ள ஒருவர் 65 வயதுக்குப் பிறகு தன் முறையை மாற்றுகிறார் என்றால் லேசான விஷயமா? நீங்கள் முதலில் எழுதிய ப எது என்று ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் இன்றைக்கே எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். துண்டின் முன்பக்கத்தில் இருக்கும் திகதியை வைத்துப் பின்பக்கம் அன்றைக்கே எழுதியது என்று சொல்ல முடியாது. கடதாசியை வீசாமல் சேர்த்துவைத்து, வகுப்புத் தொடங்கிய பிறகு எழுதியிருக்கலாம். பேக்கரிக்குப் போன காலத்திலேயே வீட்டில் உங்களை வைத்துப் படிப்பித்தும் இருக்கலாம். அம்மாவிடம் கேளுங்கள். சனிக்கிழமை வகுப்பு எப்படிப்பட்டது என்பதையும் விசாரியுங்கள். ஒன்ராறியோவில் 1977 முதல் பிறமொழி வகுப்புகளைக் கல்விச்சபைகள் நடத்துகின்றன, தமிழும் அப்படித்தான் பள்ளிக்கூடங்களுக்குள் வந்தது. கல்விச்சபை வகுப்பாக இருந்திருந்தால் சம்பளத்துக்கு ரி4 என்ற வருமான வரிப் படிவம் வந்திருக்கும், ரின்னுக்குள் தேடுங்கள். சங்கமோ கோயிலோ நடத்திய வகுப்பாக இருந்தால் பழைய ஆண்டு மலர்களில் ஆசிரியர்கள் படம் இருக்கும்.

கடதாசிகளைக் கையாளும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லமினேற் செய்யாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்து கெடுத்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன், அதற்குப் பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. கறள் பிடித்த கிளிப்புகளை மெதுவாகக் கழற்றுங்கள். படங்களின் பின்னால் பேர் எழுதுவதென்றால் பேனை வேண்டாம், மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். எல்லாவற்றையும், இருக்கிற வரிசையிலேயே, இரண்டு பக்கமும் ஸ்கான் செய்யுங்கள். அவர் எதை எதோடு வைத்தார் என்பதும் ஒரு செய்திதான். வீட்டில் பழைய வீடியோ கசெற் இருந்தால், ஒரு பிறந்தநாள், ஒரு சாமத்திய வீடு, இந்த மாதமே மாற்றக் கொடுங்கள். அந்த நாடா இனி அதிக காலம் தாங்காது. உங்கள் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் கிடந்தால், தொலைபேசி மாற்றும் முன் வேறு இடத்தில் சேமியுங்கள்.

ஊர் வாழ்க்கைக்கும் கொஞ்சம் சான்று வேண்டும். முதலில் நியமனக் கடிதம். அவர் 1950களில் வேலைக்குச் சேர்ந்திருப்பார். அந்தக் காலத்தில் பல பள்ளிக்கூடங்கள் மிஷன்களிடமும் சைவ வித்தியா விருத்திச் சங்கத்திடமும் இருந்தன, 1960ஆம் ஆண்டின் கடைசியில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. ஆகவே முதல் கடிதம் கல்வித் திணைக்களத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றில்லை, ஒரு மனேஜரின் கையொப்பத்தோடும் இருக்கலாம். எந்த ஆசிரியர் கலாசாலை, கோப்பாயா பலாலியா என்று கேளுங்கள். எந்தெந்த ஊருக்கு இடமாற்றம் என்றும் கேளுங்கள். அந்தத் தலைமுறை ரீச்சர்மார் பலர் வன்னியிலும் மலையகத்திலும் அறை எடுத்துத் தங்கிப் படிப்பித்தவர்கள், வீட்டுக்காரருக்கே அந்த வருடங்கள் சரியாகத் தெரியாது. ஊரில் யாராவது இருந்தால் அவர் கடைசியாக வேலை செய்த பள்ளிக்கூடத்து அதிபரிடம் பேசச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துச் சம்பவத் திரட்டுப் புத்தகம் போரில் தப்பியிருந்தால், அவர் கடமையேற்ற நாளும் ஓய்வுபெற்ற நாளும் அதில் இருக்கும். பிறந்த திகதியைச் சாதகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழும் சாதகமும் வெவ்வேறு நாள் சொல்வது எங்கள் ஆட்களிடம் அபூர்வம் இல்லை. இங்கே வந்த நாளுக்கு லாண்டிங் பேப்பர் என்ற குடிவரவுப் பத்திரம் இருக்கிறது.

அந்த ரின்னில் ஊர்க் கடதாசி ஒன்றாவது இருந்தால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது, இரண்டு கையால் தூக்கக்கூடியதைத்தான் எடுத்தார்கள். அரிசி, உடுப்பு, காணி உறுதி. அதோடு சேர்த்து ஒரு நியமனக் கடிதத்தையும் எடுத்து வைத்திருக்கிறார் என்றால், தன்னை அவர் யாராக நினைத்தார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மாணவர்களிடம் நினைவுக் குறிப்பு கேட்பீர்கள். 'ரீச்சர் எப்படிப்பட்டவர்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்பானவர், கண்டிப்பானவர் என்று இருபது பேரும் ஒரே பதிலைத் தருவார்கள். வகுப்புக்குள் எந்த வாசலால் வருவார், வெண்கட்டியை எந்தக் கையில் பிடிப்பார், பிந்தி வந்தவனை என்ன செய்வார், அவர் சொல்லி இப்போதும் காதில் நிற்கிற ஒரு வசனம் என்ன என்று கேளுங்கள். ஊர் மாணவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. ஸ்காபறோ மாணவர்களுக்கு உங்கள் வயது. இரண்டு கூட்டத்திடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பிரம்படி வாங்கியவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவருக்குத் தொலைபேசி எடுங்கள். கல்வெட்டுக்காக என்று சொல்லாதீர்கள், 'நீங்கள் சொன்னது மனதில் நிற்கிறது, முழுக்கக் கேட்க விருப்பம்' என்று சொல்லுங்கள். அந்தக் காலம் அப்படி என்று அம்மம்மாவுக்காக வாதாட வேண்டாம். அவர் சொல்வதை அப்படியே எழுதி, அவர் சம்மதத்தோடு வரலாற்றுக் கோப்பில் வையுங்கள். முப்பத்தோராம் நாள் கைக்குக் கை போகிற கல்வெட்டில் அது வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் அடியை மறைத்துக் கண்டிப்பானவர் என்று மெழுகவும் வேண்டாம். அந்த மனிதரும் அதை வாசிப்பார். சிரிக்காமல் சொன்ன ஒருவர் செத்தவீட்டுக்கு வந்து மலர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அம்மாவின் மௌனத்தை இப்போதைக்கு விடுங்கள். தாய் செத்து ஒன்பது நாள். ரின்னைத் திறந்து படங்களை மேசையில் பரப்பிவிட்டு, நீங்கள் உங்கள் பாட்டில் ஸ்கான் செய்துகொண்டிருங்கள். அவர் வந்து பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும்.

கல்வெட்டு எழுதும்போது ஊர் வாழ்க்கைக்கு ஒரு பக்கம் என்றால் கனடாவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தமிழ் தடக்கினால் தடக்கட்டும். உங்களுக்கு வருகிற தமிழில் எழுதுங்கள், எழுத்துப் பிழையை மட்டும் யாரிடமாவது காட்டித் திருத்துங்கள். பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வாடகைக்கு எழுதித் தருகிற கவிதைக்குப் பதிலாக, அவரிடம் படித்த பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் கையால் ஒவ்வொரு வரி எழுதி, அந்தக் கையெழுத்தையே அச்சில் போடலாம். பக்கங்கள் நாலின் மடங்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அச்சகம் வெற்றுப் பக்கம் விடும். ஒரு பக்கம் மிஞ்சினால் அதில் பனை கீறிய துண்டின் பின்பக்கத்தைப் போடுங்கள், விளக்கம் ஒன்றும் எழுதாமல்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் பெரியமாமாவிடம் கொண்டுபோங்கள். அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். நேரில் இருந்து, பேக்கரி வரிகள் உட்பட, சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் ஏதாவது ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். அந்தத் தொழிற்சாலைக்கு எந்த பஸ் போகும், எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்று அவர் சொல்லத் தொடங்கினால், பேனையை எடுங்கள்.